ரெண்டு அங்குலத்துக்கு ஒரு வருஷம்

உயரம் கூட்டும் ஆபரேஷன் வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் காட்சியில் சுவரோரம் நிற்க வைத்து டேப்பால் அளப்பார்கள். அடுத்த காட்சியில் அதே பையன் மூன்று அங்குலம் கூடி, புது ஜீன்ஸில் நடந்து வருவான். நடுவில் இருந்த மாதங்களை வெட்டித் தூக்கியிருப்பார்கள். இந்தப் பதிவு அந்த நடுப்பகுதியைப் பற்றியது. வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ இருந்துகொண்டு, கையில் கொஞ்சம் பணமும் மனசில் ஆசையுமாக "பண்ணிக்கலாமா, வேணாமா" என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆர்த்தோ வார்டுக்கு யாரையாவது பார்க்கப் போனவர்கள், காலைச் சுற்றிப் போட்டிருக்கும் ஸ்டீல் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். லாரி ஏறி எலும்பு கூடாமல் போனவர்களுக்கும், ஒரு கால் கட்டையாக இருப்பவர்களுக்கும் போடுவது அது. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் கவ்ரீல் இலிசராவ் என்ற டாக்டர் 1950களில் உருவாக்கிய முறை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், மறு வருஷமே பைக் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன் பலிக்காமல் கடைசியில் இவரிடம்தான் போனார். அழகுக்காகச் செய்வதும் இதே வேலைதான். என்ன, இங்கே வெட்டப்படுவது நல்லா இருக்கிற எலும்பு. அதுவும் ரெண்டு காலிலும்.

எலும்பை அதன் மேல் போர்த்தியிருக்கும் சவ்வு கெடாமல் குறுக்கே வெட்ட வேண்டும். மின்ரம்பத்தின் சூட்டில் ஓரத்து எலும்பு செத்துவிடும் என்பதால், வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு உளியால் பிளப்பார்கள். 5 முதல் 7 நாள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஒரு நாளைக்கு 1 மி.மீ. இழுப்பார்கள். அந்த 1 மி.மீட்டரையும் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. கால் கால் மி.மீட்டராக நாலு வேளை. இதைவிட வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு படியாது, வெறும் நார்தான் படியும். மெதுவாகப் போனால் இலக்கை எட்டும் முன்பே எலும்பு ஒட்டிக்கொள்ளும், மறுபடி வெட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் பல டாக்டர்கள் 0.75 மி.மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 செ.மீ., அதாவது ரெண்டு அங்குலம், கிடைக்க 50 நாள். முன்னால் ஒரு வாரம். ஏஜென்ட் சொல்வது இந்த ரெண்டு மாதத்தை மட்டும்தான். இழுத்து முடித்த அன்றைக்கு அந்த இடைவெளியில் இருப்பது பாரம் தாங்காத இளசு எலும்பு. அது இறுக, இழுத்த காலத்தைப் போல ரெண்டு மடங்கு காலமாவது வேண்டும். எக்ஸ்ரேயை முன்னும் பக்கவாட்டிலும் எடுத்தால் எலும்பின் நாலு ஓரம் தெரியும்; அதில் மூன்றாவது விடாமல் சேர்ந்திருந்தால்தான் முழு பாரம் போட விடுவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அரை வருஷம் வாக்கர், ஊன்றுகோல். ஓடிக் குதிக்க ஒரு வருஷம். ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

முறைகள் மூன்று. முதலாவது, வளையம் மட்டும். 1.8 மி.மீ. கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே செலுத்தி, சைக்கிள் ஸ்போக் மாதிரி இறுக்கி வளையத்தில் கட்டுவார்கள். வளையங்களுக்கு நடுவே மரை போட்ட ராடுகள். 10-ஆம் நம்பர் ஸ்பானரால் நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 1 மி.மீ., கால் சுற்றுக்குக் கால் மி.மீ. ஒரு காலுக்கு நாலு ராடு என்றால், ரெண்டு காலுக்கும் நாலு வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 32 திருப்பு. நடக்கிற தப்பு ரெண்டே ரெண்டுதான்: எதிர்த்திசையில் திருப்புவது, ஒரு ராடை மறந்துவிடுவது. மறந்த ராடு பக்கம் எலும்பு சாய்ந்துவிடும். ஒவ்வொரு நட்டிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, திருப்ப வேண்டிய பக்கம் அம்புக்குறி, சுவரில் ஒரு சார்ட். இந்த ஏற்பாடு இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது. எலும்பு இறுகும்வரை வளையம் இருக்கும், 5 செ.மீட்டருக்கு 5 முதல் 7 மாதம்.

ரெண்டாவது, எலும்பின் உள்ளே ஒரு ராடு, வெளியே வளையம். இழுத்து முடித்ததும் உள் ராடை ஸ்க்ரூ போட்டுப் பூட்டி, வளையத்தைக் கழற்றிவிடுவார்கள். செலவும் காலமும் நடுத்தரம். இதில் பயப்பட வேண்டியது ஒன்று: கம்பி நுழைந்த துளையில் வரும் சீழ் உள்ளே இருக்கும் ராடைத் தொட்டுவிட்டால், அது எலும்பு மஜ்ஜை முழுக்கப் பரவும் தொற்று. ராடை எடுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வளையமே இல்லாத காந்த நெயில், அதாவது எலும்புக்குள் வைக்கும், தானே நீளும் ராடு. பிரிசைஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் 2011-ல் அனுமதி பெற்றது. எலும்புக்குள் இருக்கும் நெயிலில் ஒரு காந்தம். தொடைமேல் கன்ட்ரோலரை வைத்தால் அந்தக் காந்தம் சுழன்று நெயில் நீளும். துளை இல்லை, சீழ் பயம் வெகுவாகக் குறைவு, தழும்பும் சின்னது. ஆனால் டைட்டானியம் நெயில் உடம்பின் முழு எடையைத் தாங்காது. ரெண்டு காலிலும் போட்டால் மாதக்கணக்கில் வீல்சேர்தான். கட்டிலுக்கும் கக்கூசுக்கும் மட்டும் வாக்கர். "முதல் நாளிலிருந்தே நடக்கலாம்" என்று 2018-ல் ஸ்ட்ரைட் என்று ஒரு ஸ்டீல் நெயில் வந்தது. இணைப்பு துருப்பிடித்து, சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்படுவது தெரிந்து 2021-ல் திரும்பப் பெற்றார்கள். அதனால் "புது டெக்னாலஜி" என்று யாராவது சொன்னால், எத்தனை வருஷமாக மனிதர்களின் காலுக்குள் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். காந்த நெயில் உள்ளே இருக்கும்வரை அதைப் போட்ட டாக்டரைக் கேட்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தொடையிலா, முழங்காலுக்குக் கீழேயா? என் ஓட்டு தொடைக்கு. சதை அதிகம், ரத்த ஓட்டம் அதிகம், எலும்பு சீக்கிரம் இறுகும். முழங்காலுக்குக் கீழே நீட்டினால் கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டும் தசைநாண் இறுகி, குதிகால் தரையைத் தொடாமல் நுனிக்காலில் நிற்க வைக்கும். பக்கத்தில் இருக்கும் சிறிய எலும்பையும் வெட்டி, ரெண்டு முனையிலும் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் கணுக்கால் மூட்டு கோணிக்கொள்ளும். தொடைக்கும் பிரச்சினை உண்டு, முழங்கால் மடங்காமல் போவது. எங்கே செய்தாலும் 5 செ.மீட்டரைத் தாண்டினால் சிக்கல் ஏறுமுகம். இருந்த நீளத்தில் 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டினால் எந்த நல்ல டாக்டரும் தயங்குவார். "மேலேயும் கீழேயும் சேர்த்து 12 செ.மீ." என்று பேக்கேஜ் விற்பவரிடம் நிற்கவே வேண்டாம். கை நீளம் அப்படியே இருக்கும், இடுப்புக்கு மேலே அப்படியே இருக்கும், கால் மட்டும் தனியாகத் தெரியும்.

எலும்பை இழுப்பது ஈசி. சதையும் நரம்பும்தான் மல்லுக்கு நிற்கும். எலும்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. சந்தோஷமாக வளரும், தசைக்கு அந்த வேகம் கிடையாது, அது இறுகிக்கொண்டே போகும். அதனால்தான் பிசியோ. வாரத்துக்கு அஞ்சு நாள், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். அது போக வீட்டில் மூன்று வேளை. தொடையில் நீட்டியவர்கள் குப்புறப் படுத்து குதிகாலைப் பின்பக்கம் நோக்கி மடக்க வேண்டும். கீழே நீட்டியவர்கள் துண்டைப் பாதத்தில் மாட்டி முன்னால் இழுக்க வேண்டும், ராத்திரி ஸ்பிளின்ட் போட்டுத் தூங்க வேண்டும். ரெண்டு எல்லைக்கோட்டை நோட்டில் எழுதி வையுங்கள்: முழங்கால் 45 டிகிரிகூட மடங்கவில்லை என்றாலோ, பாதம் காலுக்குச் செங்கோணமாக வரவில்லை என்றாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, இழுப்பதைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்ல வேண்டும். இன்னும் அரை அங்குலம்தானே என்று அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான் பிறகு குதிகால் தசைநாணை வெட்டி நீட்டும் ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

நரம்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் செயலிழக்கும். புறங்காலில் தொட்டாலே எரிச்சல், பிறகு மரத்துப்போதல், பிறகு கட்டைவிரலை மேலே தூக்க முடியாமை. முதல் அறிகுறியிலேயே வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். மூன்றாவது கட்டத்தில் முழங்காலுக்கு வெளிப்பக்கம் அந்த நரம்பைச் சுற்றியுள்ள இறுக்கத்தை அறுத்து விடுவிக்க வேண்டிவரும், தாமதித்தால் பாதம் தொங்கியேவிடும்.

ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியவை தனி. ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாளில் மூச்சு முட்டல், குழப்பமான பேச்சு வந்தால் மஜ்ஜைக் கொழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ரெண்டு தொடையிலும் ஒரே நாளில் நெயில் அடிப்பதில் இந்த அபாயம் கூடுதல். அதற்காகவே எலும்பில் முன்கூட்டியே துளை போட்டு அழுத்தத்தை வெளியேற்றுவார்கள். ஐ.சி.யூ. இல்லாத நர்சிங்ஹோமில் இதைச் செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி, விரலை அசைத்தாலே உயிர் போகிற வலி என்றால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். வாரங்கள் கழித்து ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டி.

எலும்பு கூடாமல் இழுத்தடிப்பதற்குப் பெரிய காரணம் நிகோடின். சிகரெட் மட்டும் கணக்கில்லை. உதட்டுக்கடியில் அதக்கும் பாக்கெட்டும் அதே நிகோடின்தான். ஒன்றரை மாதமாவது முன்பே விட்டு, எலும்பு இறுகும்வரை தொடக் கூடாது. முடியாது என்று தோன்றினால் ஆபரேஷனும் வேண்டாம். அடுத்தது மெடிக்கல் ஷாப். வலிக்கிறது என்று போய் நின்றால் டைக்ளோஃபெனாக் கொடுப்பார்கள். அந்த ரக மாத்திரைகள் புது எலும்பு உருவாவதை மந்தமாக்கும் என்பதால், டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறெதுவும் வாங்காதீர்கள். வைட்டமின் டி அளவை முன்பே டெஸ்ட் செய்து சரி செய்யுங்கள். சாப்பாட்டில் நாள்தோறும் முட்டை, பருப்பு, மீன். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் அதிலேயே வந்துவிடும்.

இனி வீடு. இதை எந்த ஆஸ்பத்திரி கவுன்சிலரும் கேட்க மாட்டார். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால், பிசியோவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் வாரத்துக்குப் பல தடவை உங்களைத் தூக்கி இறக்க ரெண்டு ஆள் வேண்டும். ஆறு மாதத்துக்குத் தரைத்தளத்தில் ஒரு ரூம் வாடகைக்குப் பிடிப்பது இதைவிட மலிவு. கதவை அளந்து பாருங்கள். சாதாரண வீல்சேர் 60 செ.மீட்டருக்கு மேல் அகலம், நம்ம பக்கத்துக் குடித்தன வீடுகளின் பாத்ரூம் கதவு ரெண்டடிகூட இருக்காது. இந்தியன் கக்கூஸில் குந்த முடியாது, பல மாதத்துக்கு. கமோடு நாற்காலி வாங்கியாக வேண்டும், அதைக் கழுவிவிட ஒரு ஆளும் வேண்டும். தண்ணி லாரி வந்தால் குடம் தூக்குவதும் உங்கள் வேலையாக இருந்திருந்தால், இனி அது அம்மா தலையில். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும். 2016-ல் ஹைதராபாத்தில் ஒரு இளைஞர் வீட்டுக்குத் தெரியாமலே போய் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சண்டை போட்டது நாடு முழுக்கச் செய்தியானது. வளையத்தை ஒளித்து வைக்க முடியாது.

வளையம் போடுவதாக இருந்தால் மாதத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்புத் தெருக்களில் தேங்கும் தண்ணியில் சாக்கடையும் சேர்ந்திருக்கும். கம்பி போன துளையோடு அதில் இறங்குவது சீழை விலை கொடுத்து வாங்குவது. ஜனவரியில் ஆபரேஷன் செய்தால் மழைக்கு முன்பே வளையம் கழன்றுவிடும். நடுவில் ஏப்ரல், மே வேர்வை ஒரு தொல்லை, ஆனால் அது சமாளிக்கக்கூடியது. டாக்டர் சொன்ன திரவத்தில் காஸ் துணியை நனைத்துத் துடையுங்கள், ஒவ்வொரு துளைக்கும் தனித்தனித் துண்டு. ஒரே துண்டால் எல்லாத் துளையையும் துடைத்தால் ஒன்றில் இருக்கும் கிருமி பத்துக்கும் போகும். மணலி, எண்ணூர் பக்கம் கரித்தூசி அதிகம் என்பதால் மேலே ஒரு பருத்தித் துணிப்பை மாட்டி வையுங்கள். உடுத்த லுங்கியைவிட நல்லது எதுவும் இல்லை.

ஷேர் ஆட்டோவில் நீட்டிய காலோடு ஏற முடியாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. பிசியோ சென்டரை அந்த வரிசையில் பிடித்தால் வீல்சேரில் போய் வரலாம். இழுக்கும் காலத்தில் ஒன்று ரெண்டு வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே, அதை அன்றைக்கே பார்க்க ஒரு டாக்டர். துருக்கி பேக்கேஜ் எடுத்துவிட்டு வந்து ராயபுரத்தில் யாரிடம் காட்டுவது? வேறொருவர் போட்ட நெயிலைத் தொட இங்கே பலரும் யோசிப்பார்கள்.

போலீஸ் செலக்‌ஷனுக்காக இதைக் கேட்பவர்கள் நம்ம ஏரியாவில் அதிகம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 167, பெண்களுக்கு 159, 157. 166-ல் நிற்பவனுக்கு ஆசை வருவது புரிகிறது. ஆனால் அளந்து முடித்ததும் 7 நிமிஷத்தில் 1500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை. ரெண்டு தொடையிலும் ஆபரேஷன் தழும்பை டாக்டர் பார்க்காமல் விடமாட்டார். வயசு வரம்பு வேறு ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் காரணத்துக்காக என்றால் என் பதில் வேண்டவே வேண்டாம். அரை செ.மீ., ஒரு செ.மீட்டரில் தவறுகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல்: காலையில் எழுந்ததும் எல்லோருமே சாயங்காலத்தைவிட சுமார் 1 செ.மீ. கூடுதல் உயரம். அளக்கும் நாளில் முதல் ஆளாக நில்லுங்கள், முதல் நாள் ராத்திரி நன்றாகப் படுத்துத் தூங்குங்கள். அதே போல துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர், வெல்டிங்கில் குந்தி வேலை செய்பவர், ஃபுட்பால், பாக்ஸிங் ஆடுபவர் எல்லாம் ஒரு வருஷ வருமானத்தையோ ஆட்டத்தையோ விட்டுக்கொடுத்த பிறகும் பழைய முழங்கால் திரும்பும் என்று எழுதி வாங்க முடியாது. 2006-ல் சீனா அழகுக்காக இதைச் செய்வதையே தடை செய்தது.

18 வயசுக்குக் கீழே என்றால் இந்தப் பேச்சே கிடையாது. கை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று பார்த்து, ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள். தட்டு மூடிய பிறகு எந்தப் பவுடரும் தொங்கு பயிற்சியும் ஒரு மி.மீ. கூடக் கொடுக்காது. இன்னொரு ரகம், ஊர்க்காரர்கள் கண்ணுக்குச் சராசரி உயரத்தில் இருந்தும் கண்ணாடி முன் நின்றால் குள்ளமாகத் தெரிபவர்கள். அவர்களுக்கு 5 செ.மீ. வந்த பிறகும் கண்ணாடி மாறுவதில்லை. மனநல டாக்டரிடம் ஒரு தடவை அனுப்பாமல் தேதி கொடுக்கும் சர்ஜனை நான் நம்பமாட்டேன்.

பணத்துக்கு வருவோம். முதல்வர் காப்பீட்டிலும் வராது, தனியார் பாலிசியிலும் அழகு சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான். அதில் வந்த சிக்கலுக்கும் கை விரிக்கலாம். மருத்துவச் சேவைக்கு இருக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடையாது. கொட்டேஷனில் என்னென்ன சேர்த்தி என்று எழுத்தில் வாங்குங்கள்: எல்லா எக்ஸ்ரேயும், பிசியோவும், ஒன்று ரெண்டு வருஷத்தில் நெயிலை எடுக்கும் ஆபரேஷனும், குதிகால் தசைநாண் நீட்டலும், எலும்பு கூடாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பதும். கடைசி ரெண்டும் பெரும்பாலும் சேர்த்தி இல்லை. அதனால் சொன்ன தொகையில் பாதியை அசம்பாவிதத்துக்கென்று தனியாக வைத்திருக்க முடியுமா என்பதுதான் என் கணக்கு. வட்டிக்கு வாங்கிச் செய்பவர் நடுவில் பணம் தீர்ந்து பிசியோவை நிறுத்துவார், முழங்கால் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு அங்கேயே நிற்கிறது என்றால், தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முதலில் 3 செ.மீ. உள்தகடு வைத்த ஷூவை மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். கிடைக்கப்போவதில் பாதிக்கு மேலேயே அது காட்டிவிடும். பிறகு சர்ஜனிடம் கேளுங்கள்: ரெண்டு காலிலும் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ரெண்டு வருஷம் முடிந்த ஒருவரிடம் நான் பேச முடியுமா, ராத்திரி 2 மணிக்கு யார் போனை எடுப்பார், எத்தனை செ.மீட்டரில் நீங்களாகவே நிறுத்துவீர்கள். கடைசிக் கேள்விக்கு "உங்க இஷ்டம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். அதே எக்ஸ்ரேக்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு ஆர்த்தோ டாக்டரிடம், அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யாக இருந்தாலும் சரி, ஒரு தடவை காட்டுங்கள்.

எல்லா எக்ஸ்ரேயையும், நெயில் கம்பெனி ஸ்டிக்கரையும், ஆபரேஷன் குறிப்பையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நெயிலை எடுக்கும் அன்றைக்கு எந்த அளவு, எந்த மாடல் என்று தெரியாமல் கருவி பொருந்தாமல் போவது நடக்கிற விஷயம். எடுத்த பிறகும் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைபடச் சில வாரம் ஆகும். அதுவரை நடக்கலாம், படி ஏறலாம், ஃபுட்பால் மட்டும் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகு.